குச்சியைக் கீழே போட்டவள்

குச்சியைக் கீழே போட்டது எங்கள் அக்கா இல்லை, டீச்சர். அவள் கைக்கு அது வந்து சேரவே இல்லை. கைக்கு வராத ஒன்றை ஒருத்தி எப்படிக் கீழே போட முடியும்? கணக்கு டீச்சர் என்று சொன்னீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

இல்லை, நீங்கள் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. எனக்குக் கோபமும் இல்லை. என் குரலே இப்படித்தான், விடுதியில் நான் சாதாரணமாகப் பேசினாலே வார்டன் வந்து என்ன சண்டை என்று கேட்பார். உங்கள் போனில் அந்த வீடியோ வந்தது, பார்த்தீர்கள், "பாவம், இந்தப் பிள்ளதான் குச்சியக் கீழ போட்டுச்சு" என்று என்னிடம் காட்டினீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டர் ரிலே ஓடுகிற பிள்ளைகளை உட்காரவைத்து இதைப் போட்டுக் காட்டி, எப்படி ஓடக் கூடாது என்பதற்கு இதுதான் பாடம் என்று சொல்வாராம். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பக்கத்து சீட்டில் அவள் கூடப்பிறந்தவள் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பாள் என்று நீங்கள் கனவா கண்டீர்கள்? ஆனால் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். கோவில்பட்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் அக்கா பெயர் பேச்சிக்கனி. இந்திய அணியின் பயிற்சி முகாமில் கனி என்பார்கள். விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரோட்டோரம் பஞ்சர் கடை, அம்மா தீப்பெட்டி ஆபீஸ். எட்டாம் வகுப்பில் வட்டாரப் போட்டியில் ஓடப்போனவள்தான், அப்படியே விளையாட்டு விடுதி, மாநிலம், தேசியம் என்று போய்விட்டாள். நூறு மீட்டரை பதினொன்று புள்ளி ஐந்து எட்டில் ஓடியிருக்கிறாள். தமிழ்நாட்டில் அந்த நேரத்தை ஓடியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இந்தியச் சட்டை போட்டுக்கொண்டு ஆறு நாட்டில் ஓடியிருக்கிறாள், டீச்சர். ஆறு நாடு. எங்கள் ஊரில் ஆறு மாவட்டம் பார்த்த ஆளே கிடையாது. இப்போது அவளைப் பற்றித் தேடிப்பாருங்கள், அந்த ஒன்பது நொடி வீடியோதான் வரும்.

அவள் வாயில்லாப் பூச்சி. அதுதான் பிரச்சினையே. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவாள், தூங்குவாள், காலை வாளித் தண்ணீரில் ஐஸ்கட்டி போட்டு முக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நானோ பொலிட்டிகல் சயின்ஸ் எம்.ஏ. பேச்சுப் போட்டி, பட்டிமன்றம் எதையும் விட்டதில்லை. அப்பா சொல்வார், "சாமி மூத்தவளுக்குக் காலக் குடுத்து, இளையவளுக்கு வாயக் குடுத்துட்டாரு" என்று. அவளுக்காக யாராவது பேச வேண்டும் என்றால் நான்தானே பேச வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் பாங்காக்கில் ஆசியப் போட்டி. பெண்கள் நாலு நூறு ரிலே. நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். அக்கா மூன்றாவது. அவளுக்குக் குச்சி கொடுக்க வேண்டியவள் ஒடிசாக்காரி, சஸ்மிதா என்று பெயர். இரண்டாவது ஓட்டம் அவளுடையது. நல்ல ஓட்டக்காரிதான், அதை நான் மறுக்கவில்லை. நான் நியாயமாகப் பேசுகிற ஆள்.

குச்சி கை மாறுவது எப்படி என்று தெரியுமா? வருகிறவள் வந்து சேரும்வரை வாங்குகிறவள் சும்மா நின்றால் வேகம் செத்துப் போகும். அதனால் வாங்குகிறவள் முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிட வேண்டும். ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். எப்போது ஆரம்பிப்பது? அதற்குத்தான் ஒரு டேப். தான் நிற்கிற இடத்திலிருந்து பின்பக்கமாகக் குதிகாலையும் கால்விரலையும் ஒட்ட ஒட்ட வைத்து, தன் காலால் இத்தனை அடி என்று அளந்து, தரையில் ஒரு டேப் ஒட்டுவாள். சின்ன வயதில் கோலிக்குண்டு விளையாடும்போது நாம் அளப்போமே, அதேபோலத்தான். கொண்டு வருகிறவள் அந்த டேப்பை மிதித்ததும் இவள் விட்டுப் புறப்பட வேண்டும். அப்புறம் திரும்பக் கூடாது. பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். கை நீட்ட வேண்டும். முப்பது மீட்டர் கட்டத்துக்குள் குச்சி கை மாறிவிட வேண்டும், தாண்டினால் நாலு பேரும் அவுட்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? நான் ஓடியதே இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டேன், அடுத்த பஸ் வரும். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

முதல் நாள் தகுதிச் சுற்றில், ஹீட்ஸ் என்பார்கள், நம் அணி இரண்டாவதாக வந்தது. மறுநாள் சாயங்காலம் இறுதிப் போட்டி. விடுதி மெஸ்ஸில் என் போனை ஒரு சொம்பில் சாய்த்துவைத்து இருபது பேர் பார்த்தோம். சஸ்மிதா வரும்போது மூன்றாவது இடம். வெண்கலம், டீச்சர், கண்ணுக்கு முன்னால். சஸ்மிதா டேப்பை மிதித்தாள், அக்கா புறப்பட்டாள். புறப்பட்டவள் போய்க்கொண்டே இருக்கிறாள், பின்னால் வருகிறவள் வந்து சேரவில்லை. அக்கா கையை நீட்டினாள். கை காற்றில் ஆடியது. கட்டம் முடியப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், கொஞ்சம் தயங்கினாள். குச்சி அவள் விரல் நுனியில் பட்டது, விழுந்தது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரம்மா கரண்டியோடு நின்றுவிட்டார்.

அந்தக் கேமராக்காரன் செய்த வேலையைப் பாருங்கள். விழுந்த குச்சிக்குப் பக்கத்தில் யார் கை இருக்கிறது? அக்கா கை. அதைத்தான் மறுபடி மறுபடி காட்டினான். சஸ்மிதா அங்கேயே டிராக்கில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் அக்காதான் குனிந்து குச்சியை எடுத்தாள். மற்ற நாடெல்லாம் ஓடி முடித்துக் கொடியைப் போர்த்திக்கொண்டிருக்கும்போது இவள் அந்த வளைவு முழுக்க நடந்துபோய் நாலாவது பெண்ணின் கையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தாள். அது எந்த வீடியோவிலும் இல்லை.

அப்புறம் ஊர் சிரித்தது. அவள் கைப் படத்தை வெட்டி எடுத்து, கீழே விழுகிற குச்சிக்குப் பதிலாக ஒருவன் பால் பாக்கெட் வைத்தான், ஒருவன் தாலி வைத்தான், ஒருவன் ஓட்டுச்சீட்டு வைத்தான். அடுத்த மாதம் தடகளச் சங்கத்திலிருந்து இரண்டு வரியில் கடிதம். முகாமில் அவளுக்கு இடமில்லை, தற்போதைய ஆட்டத் திறனை முன்னிட்டு. என்ன ஆட்டத் திறன்? அவள் நேரம் குறையவே இல்லை. அவ்வளவுதான், எட்டு வருட முகாம் வாழ்க்கை ஒரு சூட்கேஸில் அடைந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. விடியற்காலையில் எழுந்து பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் தனியாக ஓடுவாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு இருபத்தேழு வயது. இந்த வருடமும் முகாமுக்குள் போகாவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் ஓட்டம் என்பதே கிடையாது. இது உங்களுக்குப் புரிகிறது, எனக்குப் புரிகிறது, அவளுக்குப் புரிந்ததா என்றுதான் எனக்கு அப்போது சந்தேகம்.

"ஏதாவது சொல்லேன்" என்பேன்.

"என்னத்தச் சொல்ல" என்பாள்.

"ஒன் மேல தப்பு இல்லன்னு சொல்லு."

"போ ட்டி, போயி சாப்பிடு."

இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் இறங்கினேன். வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு நொடியில் இருபத்தைந்து படம். சஸ்மிதாவின் கால் டேப்பில் படுகிற படத்திலேயே அக்காவின் பின்னங்கால் தரையை விட்டு எழும்புகிறது. ஒரு படம்கூட முந்தவில்லை. அப்படியென்றால் அக்கா சரியான நேரத்தில்தான் புறப்பட்டிருக்கிறாள். அக்கா சரி என்றால் வந்து சேராதவள் யார்? தர்க்கம்தானே, டீச்சர்? பதினேழு கடிதம் எழுதினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று மனு. ஒரு பத்திரிகையில் அரைப் பக்கக் கட்டுரை, 'நழுவவிட்டது யார்?' என்று. அதில் சஸ்மிதா பெயரைப் போட்டேன். போடத்தானே வேண்டும்? அதை யாரோ இங்கிலீஷில் மாற்றிப் போட்டு, அப்புறம் ஹிந்தியில் மாற்றிப் போட்டு, அந்தப் பெண்ணைத் திட்டு திட்டென்று திட்டினார்களாம். அதற்கு நான் பொறுப்பில்லை. நான் திட்டவில்லை. உண்மையை எழுதினேன்.

கட்டுரையை அக்காவிடம் காட்டினேன். முழுக்க வாசித்தாள். மடித்துக் கொடுத்தாள். அப்புறம் பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்துவந்து ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள். பாராட்டு வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

என்ன கேட்கிறீர்கள்? டேப் சரியான இடத்தில் ஒட்டியிருந்ததா என்றா? இருங்கள், இருங்கள், அங்கேதான் வருகிறேன். கணக்கு டீச்சர்களிடம் இதுதான் தொல்லை, கடைசி வரியை முதலில் கேட்பார்கள்.

கடைசியில் ஒரு விசாரணை மனு. அவள் பெயரில்தான் போட வேண்டும், நான் யார் மூன்றாம் ஆள் என்று கேட்பார்களே. பத்துப் பக்கம். வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்தவளிடம் நீட்டினேன். "கையெழுத்துப் போடு" என்றேன். நான் எதிர்பார்த்தது ஒரு மணி நேரச் சண்டை. அவள் பத்துப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "இத அனுப்புனா கூப்புடுவாங்களா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டுத்தான் ஆகணும்."

"சஸ்மிதாவயும் கூப்புடுவாங்களா?"

"அவளக் கூப்பிடாம? அவதான எதிர்த் தரப்பு."

போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். நான் நினைத்தேன், அப்பாடா, கடைசியில் இவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது என்று.

பெங்களூருக்கு வரச் சொன்னார்கள். விசாரணை ஒரு நாள், மறுநாள் அங்கேயே முகாமுக்கான தேர்வு ஓட்டம். விசாரணையில் சரி என்று வந்தால் தேர்வில் ஓடலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அக்காவுக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது, நான் மொழிபெயர்ப்பாளராக வருகிறேன் என்று எழுதி அனுமதியும் வாங்கிவிட்டேன். அப்பா ஸ்டேஷனுக்கு வந்து, "ரெண்டு பேரும் பத்திரமாப் போங்க. ஏ சுகந்தி, நீ கொஞ்சம் கொறச்சுப் பேசு" என்றார். எங்கள் அப்பாவுக்கு இந்த வழக்கின் கனமே தெரியாது.

ஸ்டேடியத்தில் ஒரு சின்ன அறை. டீ, பிஸ்கட். மூன்று பேர் கமிட்டி. தலைவி ஒரு அறுபது வயது அம்மாள், பழைய ஓட்டக்காரியாம், முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஒரு பக்கம் கோச் தங்கச்சன் சார், மலையாளி. எதிரே சஸ்மிதா. நான் அவளை ஆறடி உயரத்துக்குக் கற்பனை செய்துவைத்திருந்தேன். பார்த்தால் என் தோள் உயரம். அக்கா உள்ளே போனதும் அவளைப் பார்த்தாள். சஸ்மிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்தைந்து நிமிடம் பேசினேன், டீச்சர். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. லேப்டாப்பில் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். புறப்பட்ட நொடி, நீட்டிய கை, வராத குச்சி. நடுவில் தங்கச்சன் சார் ஏதோ சொல்ல வந்தார், "முடித்துவிடுகிறேன் சார்" என்று உட்காரவைத்துவிட்டேன். முடித்தபோது மூலையில் நின்ற பியூன் தலையை ஆட்டினார். அவருக்கு இங்கிலீஷ் புரிந்ததா தெரியாது, ஆனால் ஆட்டினார்.

அந்தத் தலைவி அம்மாள் ஒரு பிஸ்கட்டைப் பாதி கடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ கேட்டார். ஒரே ஒரு கேள்வி.

"மேடம், அக்காவுக்கு ஹிந்தி..." என்று நான் எழுந்தேன்.

அக்கா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஹிந்தியில். தண்ணீர் மாதிரி. கையை ஆட்டி, நிறுத்தி, ஒரு இடத்தில் லேசாகச் சிரித்துக்கூட. எட்டு வருடம் வடக்கே முகாமில் இருந்தவளுக்கு ஹிந்தி வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். வீட்டில் அவள் தமிழே பேச மாட்டாள், அப்புறம் நான் எப்படிக் கண்டேன்? நான் அங்கே பல்லிபோல நின்றுகொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் புரிகிறது, மொழிபெயர்ப்பாளருக்குப் புரியவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று தங்கச்சன் சாரின் காதில் கேட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "ஹீட்ஸில டேப் இருபத்திநாலு அடி. ஃபைனலில இருபத்தாறு. இவ தானே மாத்தி ஒட்டினா. என்னிடத்துச் சொல்லல்ல, சஸ்மிதாகிட்டயும் சொல்லல்ல."

உங்களுக்குப் புரிகிறதுதானே? டேப் இரண்டு அடி பின்னால் போனால் அக்கா அவ்வளவு சீக்கிரமாகப் புறப்படுகிறாள் என்று அர்த்தம். பின்னால் வருகிறவள் முன்னைவிட வேகமாக வந்தால்தான் பிடிக்க முடியும். ஜோடியிடம் சொல்லாமல் அடியை மாற்றக் கூடாது என்பது முகாமில் எழுதாத சட்டமாம். எழுதாத சட்டம், டீச்சர். எழுதாததை நான் எப்படிப் படித்திருக்க முடியும்?

"ஏன் மாற்றினாய்?" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். அதற்கு அக்கா, "மெடல் ஆசை" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. என் முப்பத்தைந்து நிமிடத்தை இரண்டு வார்த்தையில் மூடிவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. பொய் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முழுசாகச் சொன்னாளா? இல்லை. ஏன் மாற்றினாள் என்று எனக்குத்தான் தெரியும். சரி, உங்களிடம் சொல்வதற்கு என்ன, நீங்கள் கோவில்பட்டியில் இறங்கிவிடுவீர்கள். இறுதிப் போட்டி அன்று காலையில் நான் போன் பண்ணியிருந்தேன். தகுதிச் சுற்று வீடியோவைப் பதினோரு தடவை பார்த்துவிட்டுத்தான் பண்ணினேன். அதில் சஸ்மிதா கிட்டத்தட்ட அக்கா முதுகில் வந்து இடிக்கிறாள். அக்கா தாமதமாகக் கிளம்புகிறாள் என்பது பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். "ரெண்டு அடி கூட்டு" என்றேன். இறுதிப் போட்டி என்றால் எல்லோரும் முன்னைவிட வேகமாக வருவார்கள், பெரிய ஓட்டக்காரர்களே ஒன்றிரண்டு அடி கூட்டுவார்கள், நான் ஒரு பேட்டியில் கேட்டேன். அவள் முதலில், "வேண்டாம்ட்டி, இது சரியாத்தான் இருக்கு" என்றாள். நான் விடவில்லை. அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் "சரிட்டி, வைக்கேன், எனக்குச் சாப்பிடப் போணும்" என்றாள்.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என் கணக்கு சரியான கணக்கு. எல்லோரும் வேகமாக வருகிற இறுதிப் போட்டியில் ஒருத்தி மட்டும் அதே வேகத்தில் வந்தால் அது கணக்கின் தப்பா, வந்தவளின் தப்பா? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் டேப்பைத் தொடவில்லை. நான் மெஸ்ஸில் இருந்தேன்.

கோவில்பட்டியா? இப்போது போனதா? ஐயோ, நீங்கள் சொல்லியிருக்கக் கூடாதா? ஆமாம், இரண்டு தடவை வாயைத் திறந்தீர்கள், நான் வேறு ஏதோ கேட்க வருகிறீர்கள் என்று நினைத்தேன். பரவாயில்லை, சாத்தூரில் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்தால் இருபது நிமிடம். நான் கண்டக்டரிடம் பேசுகிறேன். பேசுவதை என்னிடம் விடுங்கள்.

வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் என் பேரச் சொல்லல? நான்தான் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதான? சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு வாதம் வச்சிருந்தேன்."

"வச்சிருப்பட்டி. அதான் சொல்லல" என்றாள்.

"அப்ப மனுவுல ஏன் கையெழுத்துப் போட்ட? ஒன் மேலதான் தப்புன்னு சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?"

"ஆமா."

"ஆமாவா?"

"ஒன் கட்டுர வந்ததுலருந்து அவ என் போன எடுக்கல. வேற நம்பர்ல கூப்பிட்டாலும் வச்சிருதா. நேர்ல பாத்தாத்தான சொல்ல முடியும்? நீ இதச் சொன்ன, கூப்புடுவாங்கன்னு. நல்ல வேள, கூப்புட்டாங்க."

என் பத்துப் பக்கத்தை, என் சட்டப் பிரிவுகளை, அவள் ஒரு கல்யாணப் பத்திரிகைபோலப் பயன்படுத்தியிருக்கிறாள், டீச்சர். ஒருத்தியை வரவழைக்க. அப்புறம் சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு வருசமா சங்கத்துட்ட கேட்ட, பேப்பர்ல கேட்ட, சட்டத்துட்ட கேட்ட. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு தடவ கேட்டியாட்டி?" இது என்ன கேள்வி? இவள்தான் பேச மாட்டாளே. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாளா? போ ட்டி, போயி சாப்பிடு என்பாள்.

கமிட்டி ஒரு உத்தரவு கொடுத்தது. இதோ, இந்த ஃபைலில் இருக்கிறது. குச்சி மாற்றம் தவறியதற்குக் காரணம் வாங்குபவர் முன்னறிவிப்பின்றி அடையாளத்தை மாற்றியது. சஸ்மிதா மீது எந்தப் பிழையும் இல்லை. உண்மையைத் தானே முன்வந்து சொன்னதால் பேச்சிக்கனியைத் தேர்வு ஓட்டத்தில் அனுமதிக்கலாம். கடைசியில் ஒரு வரி, இது தொடர்பாக இனிக் கடிதப் போக்குவரத்து எதுவும் ஏற்கப்படாது. அது யாருக்குப் போட்ட வரி என்று தெரிகிறதா? முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று நான் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்குத்தான் மதுரையில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பாள், அதனால் சொல்லவில்லை.

தேர்வில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். மறுநாள் காலையில் ஓடினாள். பதினொன்று புள்ளி ஆறு. எட்டுப் பேரில் மூன்றாவது. நேரத்தைப் பார்த்தால் முகாமில் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் தங்கச்சன் சார் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னார். ரிலேக்குத்தான் ஆள் வேண்டும், மூன்றாவது இடத்துக்குத்தான் ஆள் வேண்டும், இரண்டாவதாக ஓடுவது இப்போதும் சஸ்மிதாதான். அவள் மாட்டேன் என்றால் நான் வற்புறுத்த முடியாது, வேறு பெண்ணைப் பார்ப்பேன் என்றார். எட்டு வருட ஓட்டம் அந்தச் சின்னப் பெண்ணின் வாயில் வந்து நிற்கிறது. இது எந்த விதியில் இருக்கிறது? எழுந்து கேட்கலாம் என்று பார்த்தேன். கம்பி வேலிக்கு வெளியே நிற்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் தடை தாண்டி ஓடுகிற தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி, அவளுக்கு ஹிந்தி தெரியும். "கொஞ்சம் சும்மா இருங்கக்கா, நான் சொல்றேன்" என்றாள்.

ஒரு வருடம், பதினேழு கடிதம், மூன்று மனு, ஒரு கட்டுரை, முப்பத்தைந்து நிமிடம். அதற்கெல்லாம் கடைசியில் கிடைத்த பதில் என்ன தெரியுமா? மன்னிப்பு இல்லை. விளக்கம் இல்லை. அக்காவாவது ஏதாவது கேட்டாளா என்றால் அதுவும் இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் தாடை மட்டும் லேசாக ஆடுகிறது. எட்டு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பார்த்தது, அவள் தாடை அப்படி ஆடி. சஸ்மிதா டிராக்கில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சன் சார் கேட்கிறார், கனிக்கு நீ குச்சி கொடுப்பாயா என்று. அவள் நிமிரவில்லை. ஒரு முடிச்சைப் போட்டாள். அது பிடிக்கவில்லைபோல, அவிழ்த்து மறுபடி போட்டாள். எனக்கு வேலிக் கம்பி கையில் அழுந்துகிறது. அப்புறம் தலையைத் தூக்கினாள், கோச்சைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாள்.

"எத்தனை அடின்னு கேக்குது" என்றாள் தஞ்சாவூர்ப் பெண்.

அக்கா சொன்னாள், "இருபத்திநாலு."

சஸ்மிதா எழுந்தாள். பின்பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, நடந்துபோய்க்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"இருபத்தஞ்சு வை. வந்துருவேன்."